டனலுக்குள் டனல், அதற்குள் மறுபடி அதே டனல்: பேக்கெட் சுழல் ஒன்றை அடக்கிய குறிப்புகள்

"டெட் லூப் ஆன் விர்ச்சுவல் டிவைஸ் ஜிஆர்இ2, ஃபிக்ஸ் இட் அர்ஜென்ட்லி!"

லினக்ஸின் மையமான கெர்னல் இவ்வளவு உரிமையோடு அதட்டுகிற இடங்கள் குறைவு. சர்வர் லாகில் இந்த வரி விழுந்த அன்று அந்த மெஷினில் இரண்டு ஜிஆர்இ டனல்கள் (ஒரு பேக்கெட்டை, அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை, இன்னொரு பேக்கெட்டுக்குள் உறையிட்டு அனுப்பும் வழிகள்) இருந்தன, இரண்டும் வெவ்வேறு மறுமுனைகளுக்குப் போகிறவை. இரண்டின் மேலும் டைனமிக் ரூட்டிங் (மெஷின்கள் வழிகளைத் தாங்களே ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்வது) ஓடியது. மறுமுனைகள் உள் நெட்வொர்க்கை மட்டும் அறிவித்துக்கொண்டிருந்தவரை சிக்கல் இல்லை. அவை தங்கள் வெளி முகவரிகளையும் சேர்த்து அறிவிக்கத் தொடங்கியதும், முதல் டனலின் மறுமுனைக்குப் போக வழி இரண்டாவது டனல் என்றும், இரண்டாவதன் மறுமுனைக்கு வழி முதல் டனல் என்றும் ரூட்டிங் டேபிள் முடிவு செய்துவிட்டது. ஒரு பேக்கெட்டை முதல் டனலில் போட்டால் அது உறை போட்டு இரண்டாவதிடம் தரும். இரண்டாவது இன்னொரு உறை போட்டு முதலாவதிடமே திருப்பித் தரும். எல்லாம் ஒரே மெஷினுக்குள், ஒயரைத் தொடாமல்.

ரூட்டைத் திருத்தினால் அன்றைய வேலை முடிந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், அது எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரியாமல் விட மனமில்லை. அதனால் ஆய்வுக்கென்று ஒரு விர்ச்சுவல் மெஷினில் இதையே திரும்பக் கட்டிப் பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இவை.

ஆய்வு மெஷின்

இரண்டு சிபியு, 1 ஜிபி மெமரி, எக்ஸ்86-64. ஸ்டேக் ட்ரேசர் (ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைக்கும்போது நிரம்பும் ஸ்டேக் என்ற மெமரி எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது) சேர்த்துக் கட்டிய கெர்னல். சீரியல் கன்சோலை வெளியே ஒரு ஃபைலுக்குத் திருப்பி வைத்தேன். மெஷின் உறைந்தால் கடைசி வரி அந்த ஃபைலில்தான் இருக்கும், உள்ளே இருக்கும் லாக் டிஸ்க்குக்குப் போயிருக்காது. நேம்ஸ்பேஸ் (ஒரே கெர்னலுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) ஒன்றுக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்யலாம். ஆனாலும் கெர்னல் ஒன்றுதானே, விழுந்தால் எல்லா நேம்ஸ்பேஸும் சேர்ந்துதான் விழும். எனவே தனி விர்ச்சுவல் மெஷின்தான் சரி.

டனல் கட்டும்போது ஒரு சின்ன விஷயம். இரண்டு டனல்களுக்கும் லோக்கல் முகவரி கொடுத்தால், அந்த முகவரி மெஷினில் எங்காவது உண்மையாகவே இருக்க வேண்டும். ஒரு டம்மி இன்டர்ஃபேஸ் போட்டு அதில் வைத்தேன். வைக்காவிட்டால் ரூட் தேடும் கட்டமே தோற்றுவிடும். பேக்கெட் சுழலுக்குள் நுழையவே நுழையாது, புள்ளிவிவரத்தில் "கேரியர்" என்ற பத்தியில் எண் ஏறும். அதைப் பார்த்து கேபிள் பிரச்சினை என்று தேட ஆரம்பித்தால் நேரம் போனதுதான்.

ஐபிவி6-ஐ மெஷின் முழுக்க அணைத்து வைத்தேன். டனல் மேலே வந்ததும் அது தானாகவே சில பேக்கெட்டுகளை அனுப்பும். ஒரு பிங்குக்கு (பதில் கேட்டு அனுப்பும் சோதனைப் பேக்கெட்) எத்தனை சுற்று என்று எண்ணப் போகிறவனுக்கு அது தொல்லை.

முதலில் ஒரே டனல்

எளிய நிலை: ஜிஆர்இ1-இன் மறுமுனைக்கான ரூட்டையே ஜிஆர்இ1 வழியாகப் போட்டேன். பிங் அடித்தால் பதில் இல்லை, லாகிலும் எதுவும் இல்லை. அதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இன்டர்ஃபேஸ் புள்ளிவிவரத்தைத் திறந்தால் அனுப்பும் கணக்கின் வரியில் கடைசிப் பத்தி, "கொலிஷன்ஸ்", ஒவ்வொரு பிங்குக்கும் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அதோடு "எரர்ஸ்" பத்தியும்.

ஒரே ஒயரை எல்லோரும் பகிர்ந்த பழைய ஈதர்நெட் காலத்துப் பத்தி அது. இன்றைக்கு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. டனல் டிரைவர் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. உறை போட்டபின் ரூட் தேடும்போது, வெளியேறும் டிவைஸும் தானும் ஒன்றே என்று தெரிந்தால் அந்தப் பத்தியில் ஒன்றைக் கூட்டிவிட்டு பேக்கெட்டைக் கீழே போட்டுவிடும். ஐபிவி6 டனல் டிரைவர் இதே நிலையில் "லோக்கல் ரூட்டிங் லூப்" என்று லாகிலும் எழுதும். ஐபிவி4 டிரைவர் வாயே திறக்காது. டனல் வைத்திருக்கிறவர்கள் கண்காணிப்பில் இந்தப் பத்தியைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

பிறகு இரண்டு டனல்

"நான்தானா அது?" என்ற அந்தச் சோதனை ஒருபடித்தான சுழலை மட்டும்தான் பிடிக்கும். ஜிஆர்இ1 பார்க்கும்போது வெளியேறும் டிவைஸ் ஜிஆர்இ2. ஜிஆர்இ2 பார்க்கும்போது அது ஜிஆர்இ1. இருவர் கண்ணிலும் தவறு எதுவும் தெரியாது.

ரூட்டுகளைக் குறுக்கே போட்டு, ஜிஆர்இ1 வழியே ஒரே ஒரு பிங் அனுப்பினேன். உடனே அதட்டல் வந்தது. அது குறிப்பிட்ட பெயர் ஜிஆர்இ2. ஜிஆர்இ2 வழியே அனுப்பினால் ஜிஆர்இ1 என்று சொல்கிறது. புள்ளிவிவரம் இன்னும் சுவாரசியம். அனுப்பியது ஒரு பேக்கெட். ஜிஆர்இ1-இல் 4 போனதாகவும் 1 விழுந்ததாகவும் காட்டியது. ஜிஆர்இ2-இலும் அப்படியே, 4 போனது, 1 விழுந்தது.

கெர்னல் சோர்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினால் கணக்கு நேராகிறது. வரிசை (க்யூ) இல்லாத விர்ச்சுவல் டிவைஸுக்கு பேக்கெட்டை ஒப்படைக்கும்போது கெர்னல் சிபியுவுக்கு ஒன்று வீதம் வைத்திருக்கும் ஒரு எண்ணியைக் கூட்டுகிறது, டிவைஸின் அனுப்பும் ஃபங்ஷன் திரும்பி வந்ததும் குறைக்கிறது. உள்ளே நுழையும் முன் எண்ணி 8-ஐத் தாண்டிவிட்டதா என்று பார்க்கிறது. 8 வரை அனுமதி என்பதால் ஒன்பது முறை உள்ளே போக முடியும். 1, 2, 1, 2 என்று மாறி மாறிப் போனால் ஜிஆர்இ1-க்கு ஐந்து, ஜிஆர்இ2-க்கு நான்கு. பத்தாவது முறை ஜிஆர்இ2-இன் வாசலில் தடுப்பு, அதனால்தான் அந்தப் பெயர், அதன் கணக்கில் 1 விழுந்ததும். ஒன்பதாவது முறை உறை போட்ட ஜிஆர்இ1, தான் ஒப்படைத்தது விழுந்துவிட்டது என்று தெரிந்து ஐந்தில் ஒன்றை "விழுந்தது" கணக்கில் எழுதுகிறது. மற்றவர்களுக்கு அதற்கு மேல் நடந்தது தெரியாது, வெற்றி என்றே எழுதிக்கொள்கிறார்கள்.

ஆகவே லாகில் வரும் பெயரை வைத்துக் குற்றவாளியைத் தேடக்கூடாது. எண்ணி தீர்ந்த இடம் எது என்பதைத்தான் அது சொல்கிறது. பிங் கட்டளைக்கும் பிழை எதுவும் போய்ச் சேராது. நெட்வொர்க் இல்லை என்ற பிழை எண் ஒன்பதாவது அடுக்கிலேயே விழுங்கப்பட்டுவிடும், மேலே இருப்பவருக்கு "அனுப்பியாயிற்று" என்ற பதில்தான்.

எச்சரிக்கை எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவதிலும் பொருளில்லை. 5 நொடிக்கு 10 வரி என்ற கட்டுப்பாட்டுக்குள்தான் கெர்னல் அதை அச்சிடும். லாகில் பத்து வரி என்றால் சுழலில் பத்து பேக்கெட் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த எண்ணி 2010 செப்டம்பரில் எரிக் டுமாசே சேர்த்தது. அதற்கு முன் டிவைஸின் அனுப்பும் பூட்டை எந்த சிபியு பிடித்திருக்கிறது என்று பார்த்தே சுழலைக் கண்டுபிடித்தார்கள். நான்தான் பூட்டைப் பிடித்திருக்கிறேன், நானே மறுபடி கேட்கிறேன் என்றால் சுழல்தானே. டனல்களை வேகத்துக்காகப் பூட்டில்லாமல் ஆக்கும் வேலை தொடங்கியபோது அந்தத் தடயம் போய்விடும் என்பதால் எண்ணி வந்தது. முதலில் எல்லை 3. பின்னால் 10 ஆகி, இப்போது 8.

ஸ்டேக் எவ்வளவு போகிறது

எட்டு என்ற எண் பெரிதா சிறிதா என்பது ஒரு சுற்றுக்கு எத்தனை பைட் ஸ்டேக் செலவாகிறது என்பதைப் பொறுத்தது. எக்ஸ்86-64-இல் ஒரு ப்ராசஸுக்கான கெர்னல் ஸ்டேக் 16 கிலோபைட் (3.15 கெர்னலுக்கு முன்பு 8). 4.9 முதல் அதற்கு அடியில் காவல் பக்கம் ஒன்று வைக்க வசதி உண்டு. அது இருந்தால் ஸ்டேக் தாண்டியதும் மெஷின் விழும். இல்லாவிட்டால் பக்கத்து மெமரியைச் சத்தமில்லாமல் கெடுக்கும், அது இன்னும் மோசம்.

ஸ்டேக் ட்ரேசரை இயக்கி, உச்ச அளவைப் பூஜ்ஜியமாக்கி, சுழல் இல்லாமல் ஒரு பிங், சுழலோடு ஒரு பிங் என்று அனுப்பிப் பார்த்தேன். வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு முக்கால் கிலோபைட்டிலிருந்து ஒரு கிலோபைட்டுக்குள். கெர்னல் எப்படிக் கம்பைல் செய்யப்பட்டது, நெட்ஃபில்டர் (கெர்னலின் ஃபயர்வால்) ரூல்கள் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். ஸ்டேக்கில் நிற்கும் ஃபங்ஷன் பட்டியலில் டனலின் அனுப்பும் ஃபங்ஷன் ஒரு பகுதிதான். ரூட் தேடல், ஐபி அவுட்புட், நெட்ஃபில்டர் கொக்கி, நெய்பர் அடுக்கு, மறுபடி அனுப்பும் வாசல் என்று டஜனுக்கும் மேல் ஃபங்ஷன்கள் ஒவ்வொரு சுற்றிலும் வரிசையில் நிற்கின்றன. விலான் (ஒரே ஒயரில் பிரித்த தனி நெட்வொர்க்) போன்ற எளிய அடுக்கு டிவைஸ் இவ்வளவு தின்னாது. அது நேரே கீழே இருக்கும் டிவைஸிடம் கொடுத்துவிடும், ஐபி பக்கம் போகவே போகாது.

ஆக ஒன்பது சுற்றில் பாதி ஸ்டேக் காலி. அதற்கு மேல், ஆரம்பத்தில் நிரல் கெர்னலை அழைத்ததற்கான (சிஸ்டம் கால்) செலவும் இருக்கிறது. பாதியில் ஒரு நெட்வொர்க் ஃபைல் சிஸ்டமோ வேறு ஆழமான அடுக்கோ இந்தப் பாதைக்குள் நம்மைக் கொண்டுவந்திருந்தால் கையிருப்பு இன்னும் சுருங்கும். என் கருத்து: எல்லையைச் சுற்று எண்ணிக்கையில் வைப்பது வசதிக்காகத்தான், கணக்கு பைட்டில் இருக்க வேண்டும். விலானுக்கு 8 தாராளம். ஐபி முழுவதையும் சுற்றி வரும் டனலுக்கு அதில் பாதி போதும்.

டிவைஸ்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போதே ஏன் தடுக்கக்கூடாது என்று தோன்றும். விலான், பாண்ட் (பல இன்டர்ஃபேஸ்களை ஒன்றாகக் கட்டியது) மாதிரியான அடுக்குகளில் கெர்னல் அதைத்தான் செய்கிறது. மேல் கீழ் உறவைப் பதிவு செய்யும்போதே சுழல் வந்தால் மறுக்கும், 8 அடுக்குக்கு மேல் போனாலும் மறுக்கும். டனலில் அந்த உறவு ரூட்டிங் டேபிளில் இருக்கிறது. அது நொடிக்கு நொடி மாறக்கூடியது. ஒரு ரூட் உள்ளே வரும்போதெல்லாம் மெஷினில் உள்ள எல்லா டனல்களையும் வைத்துச் சுழல் தேடுவது நடக்கிற காரியமில்லை.

டிடிஎல் ஏன் காப்பாற்றவில்லை

நெட்வொர்க்கில் சுழல் என்றதும் எல்லோர் வாயிலும் வருவது டிடிஎல், பேக்கெட் இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்ற எண். அது ரூட்டர் ஒன்று பேக்கெட்டைக் கடத்தும்போது குறையும். இங்கே யாரும் கடத்தவில்லை, லோக்கல் மெஷினே புதிய பேக்கெட்டை உருவாக்கி அனுப்புகிறது. டனல் உள் பேக்கெட்டின் டிடிஎல்லை வெளி உறைக்கு அப்படியே நகல் எடுக்கும், குறைக்காது. 64 என்று போட்டது ஒன்பது உறையிலும் 64-ஆகவே இருந்தது. நிலையான டிடிஎல் வைத்த டனலில் நகல்கூட இல்லை, ஒவ்வொரு உறையும் புத்தம் புதிது. ஓஎஸ்பிஎஃப் என்ற ரூட்டிங் முறை டிடிஎல் 1 வைத்துப் பேசுவதால், அதை டனல் மேல் ஓட்ட வேண்டியவர்கள் நிலையான டிடிஎல்தான் வைப்பார்கள்.

அளவு எல்லை? பிங் பேக்கெட் 84 பைட். ஒவ்வொரு ஜிஆர்இ உறையும் 24 பைட் (ஐபி 20, ஜிஆர்இ 4). டனலின் எம்டியு (ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு) 1476. காகிதக் கணக்குப்படி 58 உறை போட்டபின்தான் எம்டியு தடுக்கும். 58 சுற்றை 16 கிலோபைட்டில் அடக்க வேண்டுமென்றால் சுற்றுக்கு 282 பைட்தான் கிடைக்கும். எம்டியு வந்து சேர்வதற்குள் ஸ்டேக் போய்விடும்.

ஐபிவி6 டனல்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. 1998-இன் ஆர்எஃப்சி 2473 என்ற இணையத் தர ஆவணம், உறைக்குள் எத்தனை உறை போடலாம் என்ற எண்ணையே பேக்கெட்டில் எழுதச் சொல்கிறது, லினக்ஸில் இயல்பு மதிப்பு 4. ஐபிவி4-க்கு அந்தப் பாக்கியம் இல்லை.

க்யூ வைத்துப் பார்த்தபோது

இதுதான் நேரம் தின்ற பகுதி. எண்ணி வேலை செய்வது வரிசை இல்லாத டிவைஸ்களின் பாதையில் மட்டும். ஜிஆர்இ டனலுக்கு இயல்பாக வரிசை கிடையாது. அதே ஜிஆர்இயின் ஈதர்நெட் வகையான ஜிஆர்இடேப்புக்கு உண்டு. சரி, ஜிஆர்இ1-க்கு ஒரு எளிய பிஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் போகும்) க்யூவை, 100 பேக்கெட் எல்லையோடு, மாட்டிப் பார்ப்போம் என்று மாட்டினேன்.

அதட்டல் நின்றுவிட்டது. ஸ்டேக் உச்சமும் இறங்கிவிட்டது. ரூட்டுகள் இன்னும் குறுக்கேதான் கிடக்கின்றன. லாகை மட்டும் பார்க்கிறவர் கோளாறு சரியாகிவிட்டது என்றே முடிவு கட்டுவார்.

புள்ளிவிவரத்தில் ஒரு பிங்குக்கு இரண்டு டனல்களிலும் எண்கள் குதித்தன, நான்கல்ல, அதைவிட மிக அதிகம். நடந்தது இது: பேக்கெட் ஜிஆர்இ1-இன் க்யூவிலிருந்து எடுக்கப்பட்டு ஜிஆர்இ2-க்குப் போய் மறுபடி ஜிஆர்இ1-க்கு வருகிறது. அந்த க்யூ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் பேக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு ஃபங்ஷன்கள் எல்லாம் திரும்பிவிடுகின்றன. எண்ணியும் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடுகிறது. வெளியே இருக்கும் லூப் வரிசையில் ஒரு பேக்கெட் இருப்பதைப் பார்த்து எடுக்கிறது, மறுபடி அதே கதை. ஆழமாகப் போன சுழல் இப்போது நீளமாகப் போகிறது. எண்ணியின் கண்ணில் ஆழம் எப்போதும் ஒன்றுதான்.

உடைக்கக்கூடாது என்ற டிஎஃப் குறி இருந்தால் இது ஒருவழியாக நின்றுவிடும். டனல்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பாதை எம்டியுவைக் குறைத்துக்கொண்டே போகும், 58 உறை வரைகூடப் போகாது. அந்தக் குறியை டனலிலும் பிங்கிலும் எடுத்துவிட்டு ஒரு பிங் அனுப்பினேன். பேக்கெட் எம்டியுவைத் தொட்டதும் இரண்டாக உடைந்தது. இரண்டும் சுற்றின, மறுபடி உடைந்தன. க்யூ நிரம்பி வழிந்தது, ஒரு சிபியு 100 சதவீதத்தில் போய் உட்கார்ந்தது. அனுப்பிய பிங் ஒன்றுதான், கட்டளையும் எப்போதோ முடிந்துவிட்டது. டனலைக் கீழே இறக்கும்வரை அந்த சிபியு ஓயவில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் ஜிஆர்இ டிரைவர் ஃபைலின் தலையில் இருக்கும் நீண்ட குறிப்பைப் படித்தேன். க்யூ இருந்தால் முடிவில்லாச் சுழல் வரும் என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பேக்கெட்டோடு சேர்ந்து பயணிக்கும் ஒரு எண்ணி நல்ல தீர்வுதான், ஆனால் டனலே பயன்படுத்தாதவர்களின் பேக்கெட்டுகளும் அந்த இடத்தைச் சுமக்க வேண்டியிருக்கும் என்றும் அதில் இருக்கிறது. நிலையான டிடிஎல் வைத்த டனலுக்கு டிஎஃப் குறியைக் கட்டாயமாக்கியது ஏன் என்பதும் அங்கேதான் விளங்கியது: எம்டியு வேகமாகச் சரிந்து சுழல் தானே அணைய வேண்டும் என்பதற்காக.

அதாவது சிபியுவில் இருக்கும் எண்ணி ஸ்டேக்குக்குக் காவல், சுழலுக்கு அல்ல. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் இதை வேறு மாதிரிச் செய்கிறது. அங்கே டனல் ஒவ்வொன்றும் பேக்கெட்டின் மேல் தன் அடையாளத்தை ஒட்டிவிடுகிறது. அதே அடையாளம் ஏற்கெனவே இருந்தாலோ, அடுக்கு எல்லை (இயல்பாக 1) தாண்டினாலோ பேக்கெட் விழும். இடையில் எத்தனை க்யூ இருந்தாலும் அடையாளம் போகாது.

பேக்கெட் மேலேயே எண்ணி

அதே யோசனையை லினக்ஸில் கெர்னலைத் தொடாமல் செய்ய முடியுமா என்பது அடுத்த கட்டம். டிராஃபிக் கன்ட்ரோலின் வெளியேறும் கொக்கியில் (நம் நிரலை மாட்டக்கூடிய இடம்) ஒரு சின்ன பிபிஎஃப் நிரல், அதாவது ஓடும் கெர்னலுக்குள் ஏற்றக்கூடிய நிரல். இந்தக் கொக்கி க்யூவுக்கு முன்பே வருகிறது, க்யூ இல்லாத டிவைஸுக்கும் வருகிறது. இரண்டு பாதைக்கும் ஒரே காவல்.

முதலில் கெர்னல் செய்வதையே நகல் எடுத்து, சிபியு வாரியான மேப்பில் எண்ணி வைத்தேன். கூட்டுவது எளிது. குறைப்பது எங்கே? அந்தக் கொக்கிக்கு உள்ளே நுழைவது மட்டும்தான் தெரியும், அனுப்பும் ஃபங்ஷன் திரும்பி வருவது தெரியாது. எண்ணி ஏறிக்கொண்டே போய் நல்ல பேக்கெட்டுகளையும் நிறுத்திவிட்டது. அந்த வழியை விட்டேன்.

பேக்கெட் கூடவே போகும் பொருள்களில், நாம் எழுதக்கூடியதும் ஐபி அடுக்கு அழிக்காததும் என்று பார்த்தால் மிஞ்சுவது மார்க் என்ற 32 பிட் புலம். அதன் மேல் 4 பிட்டை ஆழத்துக்கு ஒதுக்கினேன், கீழ் 28 பிட்டைத் தொடவில்லை. நிரலில் இருப்பது இவ்வளவுதான்: மார்க்கை 28 பிட் வலப்பக்கம் தள்ளி ஆழத்தை எடு, 3 ஆகிவிட்டதா, கீழே போடு, இல்லாவிட்டால் ஒன்று கூட்டி மேல் பிட்டுகளில் திருப்பி எழுது, பேக்கெட்டை விடு. இரண்டு டனல்களின் வெளியேறும் பக்கத்திலும் மாட்டினேன்.

ரூட்டுகள் குறுக்கே இருக்க, ஒரு பிங். கெர்னலின் அதட்டல் இல்லை. ஜிஆர்இ1-இல் ஒன்று போனது, ஒன்று விழுந்தது. ஜிஆர்இ2-இல் ஒன்று போனது. நான்காவது நுழைவில் பிபிஎஃப் ஜிஆர்இ2-இன் வாசலிலேயே நிறுத்திவிட்டது, அதன் கொக்கிக் கணக்கில் 1 விழுந்தது என்று காட்டியது. பிறகு பிஃபிஃபோவை மறுபடி மாட்டி, டிஎஃப் குறியையும் எடுத்துவிட்டு, சிபியுவை 100-க்குக் கொண்டுபோன அதே பிங்கை அனுப்பினேன். அதே மூன்று சுற்று, அதோடு நின்றது. சிபியு அசையவில்லை.

செலவைப் பார்க்க பிபிஎஃப் புள்ளிவிவரத்தை இயக்கி மொத்த நேரத்தை ஓட்ட எண்ணிக்கையால் வகுத்தேன். பேக்கெட்டுக்குச் சில பத்து நானோ நொடி. அதில் ஒரு பங்கு அளப்பதற்கே போகிறது. உறை போடும் செலவோடு ஒப்பிட்டால் கணக்கில் வராது.

டிசிபி மறு அனுப்புதலில் பழைய ஆழம் ஒட்டிக்கொண்டு வருமோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. வராது. ஒவ்வொரு முறையும் நகல்தான் வெளியே போகிறது, மார்க்கும் சாக்கெட்டின் மதிப்பிலிருந்து புதிதாக எழுதப்படுகிறது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஃபயர்வால் ரூல்களோ ரூட்டிங் ரூல்களோ மார்க்கை முழு 32 பிட்டாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், மேல் பிட்டில் எண் வந்ததும் அவை பொருந்தாமல் போகும். எல்லாவற்றிலும் கீழ் 28 பிட் மாஸ்க் சேர்க்க வேண்டியிருந்தது. இன்னொன்று, பேக்கெட் ஒரு நேம்ஸ்பேஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது கெர்னல் மார்க்கைத் துடைத்துவிடும். கன்டெய்னர்கள் வழியே சுற்றிவரும் சுழலை இது பிடிக்காது. அங்கே உண்மையான கடத்தல் நடப்பதால் டிடிஎல் குறையும், ஆனால் டனல் டிடிஎல்லை நகல் எடுக்கும் வகையாக இருந்தால்தான் அந்தக் குறைவு வெளி உறைக்கும் போய்ச் சேரும்.

ரூட்டைத் திருத்தியது

காவல் எல்லாம் சரி, டனல் வேலை செய்ய வேண்டுமே. சர்வரில் வைத்த திருத்தம் மூன்று அடுக்கு. ரூட்டிங் டீமனில் (பின்னணியில் ஓடி ரூட்டுகளைக் கற்கும் நிரல்) டனல் மறுமுனைகளின் வெளி முகவரிகளை உள்ளே வரவிடாத ஃபில்டர், இதுதான் மூல காரணத்துக்கான மருந்து. அடுத்து அந்த முகவரிகளுக்கு வெளி கேட்வே வழியாக நிலையான ரூட், தனித்தனியாக, 32 பிட் நீளத்தில், அதாவது அந்த ஒரு முகவரிக்கு மட்டும். ஃபில்டரில் யாராவது கை வைத்தாலும் இது நிற்கும்.

மூன்றாவதாக டனலைக் கட்டும்போதே வெளி இன்டர்ஃபேஸின் பெயரைக் கொடுத்துக் கட்டிவிடலாம், அந்த டிவைஸ் வழியாக மட்டும் ரூட் தேடும். கேட்பதற்கு இது ஒன்றே போதும் போலத் தோன்றும். ஆனால் அந்த டிவைஸ் வழியாகப் பொருந்தும் ரூட் எதுவும் இல்லாவிட்டால், முகவரி பக்கத்திலேயே இருக்கிறது என்று கெர்னல் வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் மறுமுனைக்கு லோக்கலில் ஏஆர்பி (இந்த முகவரி யாருடையது என்ற கேள்வி) கேட்க ஆரம்பித்துவிடும். ஆய்வு மெஷினில் நிலையான ரூட்டை நீக்கிப் பார்த்தபோது, சுழல் இல்லை, எச்சரிக்கை இல்லை, பேக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் மட்டும் பதில் வராத ஏஆர்பி கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. ரூட்டோடு சேர்த்துத்தான் இதை வைக்க வேண்டும்.

வயர்கார்ட் என்ற விபிஎன் டனலின் துணை ஸ்கிரிப்ட் இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. டனல் தானே உருவாக்கும் வெளி உறைகளுக்கு 51820 என்ற மார்க்கைப் போட்டு, அந்த மார்க் இருப்பவை டனலுக்கான ரூட்டிங் டேபிளைப் பார்க்கவே கூடாது என்று ரூல் எழுதுகிறது. மறுமுனை முகவரி மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் நிலையான ரூட்டைவிட இது நல்லது. என் மறுமுனைகள் மாறுவதில்லை, எனவே அந்தச் சிக்கலுக்குள் போகவில்லை.

இன்னொரு முறை தொடங்கினால் க்யூ மாட்டும் சோதனையைத்தான் முதலில் செய்வேன். எண்ணி எதைக் காக்கிறது என்பது அதில்தான் தெரிந்தது, ஸ்டேக் அளவெடுப்பது அதற்குப் பின்னால் வந்திருக்கலாம். கெர்னல் பதிப்பையும் பார்த்து எடுப்பேன். இப்படிச் சுற்றும் டனல்கள் ஒன்றையொன்று பார்த்து ஹெட்ரூம் (உறை போட பேக்கெட்டின் முன்னால் விடும் இடம்) தேவையை ஏற்றிக்கொண்டே போகும் கோளாறு ஒன்று இருந்தது. 2024-இல்தான் அதற்கு 512 பைட் என்று உச்சவரம்பு வந்தது. பழைய கெர்னலில் நீண்ட நேரம் சுழலவிட்டு அளந்தால் மெமரி எண்கள் நம்பத்தக்கவையாக இருக்காது.

பிபிஎஃப் காவலைச் சர்வரிலும் விட்டு வைத்திருக்கிறேன், எல்லை 3. அங்கே டனலுக்குள் டனல் என்று முறையாக ஓடுவது அதிகபட்சம் இரண்டு அடுக்கு. கண்காணிப்பில் சேர்த்தவை இரண்டு எண்கள்: டனல்களின் கொலிஷன் பத்தி, பிபிஎஃப் கொக்கியின் விழுந்த கணக்கு. இரண்டில் எது பூஜ்ஜியத்திலிருந்து நகர்ந்தாலும் அலாரம். நேம்ஸ்பேஸ் தாண்டும் சுழலுக்கு இன்னும் எதுவும் வைக்கவில்லை.